பள்ளியிலிருந்து ‘செக்யூர்’ என்று செய்தி வந்தால் என்ன அர்த்தம்? பள்ளி மாவட்டம் எதையாவது மறைக்கிறதா?

உங்கள் கேள்வியில் எழுதியிருப்பது இது: கோவையிலிருந்து டெக்சாஸின் டல்லாஸ் பக்கம் வந்து ஏழு மாதம், மகள் மூன்றாம் வகுப்பு. போன செவ்வாய்க்கிழமை காலை 10.50-க்குப் பள்ளி ‘செக்யூர்’ நிலையில் இருப்பதாகக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. மீட்டிங்கில் இருந்ததால் 12 மணிக்குத்தான் பார்த்தீர்கள். அதற்குள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ துப்பாக்கியோடு உள்ளே புகுந்துவிட்டதாகவே முடிவுகட்டிவிட்டார்கள், வீட்டில் மாமியார் அழுதுகொண்டிருந்தார். சாயங்காலம் மாவட்டத்திலிருந்து ‘அனைவரும் பத்திரம், வகுப்புகள் வழக்கம்போல் நடந்தன’ என்று மூன்று வரி மின்னஞ்சல். கேள்வியின் தலைப்பில் ‘பள்ளி மாவட்டம் பெற்றோருக்கு எப்படித் தகவல் சொல்லும்?’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் கேட்டதுதான் உண்மையான கேள்வி: ‘இவர்கள் சொல்வதை நம்பலாமா, மறைக்கிறார்களா?’ அதற்கே பதில் சொல்கிறேன். வழியில் மற்றதும் வந்துவிடும்.

நான் டெக்சாஸில் ஒரு பள்ளி மாவட்டத்தில் 11 வருடம் வேலை பார்த்தவள். முதல் நான்கு வருடம் ஆரம்பப் பள்ளி ஒன்றின் முன் அலுவலகத்தில் வருகைப் பதிவு, மீதி வருடங்கள் மாவட்டத் தலைமையகத்தில் இந்த மாதிரிச் செய்திகளை எழுதி அனுப்பும் பிரிவில். வழக்கறிஞர் இல்லை. நான் சொல்லும் சட்டங்களில் சில அமெரிக்கா முழுமைக்கும் பொருந்தும், சில டெக்சாஸுக்கு மட்டும். எது எது என்று அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வரும். இங்கே பள்ளி மாவட்டம் என்பது தனிச் சாம்ராஜ்யம். தனக்கென்று தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்த வாரியம், தனி வரி, பல இடங்களில் தனிப் போலீஸ்கூட உண்டு. ஊர் எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃப்ரிஸ்கோ ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள்: சில தெருக்கள் ஃப்ரிஸ்கோ மாவட்டத்தில், சில லூயிஸ்வில்லில், சில ப்ராஸ்பரில், சில லிட்டில் எல்மில். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ‘எங்கள் ஸ்கூலிலும் மெசேஜ் வந்தது’ என்று போட்டால், அவர் பிள்ளை படிப்பது வேறு மாவட்டத்துப் பள்ளியாக இருக்கலாம், அது வேறு விஷயத்துக்கு வந்த செய்தியாகவும் இருக்கலாம். நீங்கள் சொன்ன குழப்பத்தில் பாதி இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்தச் சொல். டெக்சாஸ் பள்ளிகள் பெரும்பாலும் ஐந்தே ஐந்து கட்டளைச் சொற்களை வைத்திருக்கின்றன. ‘ஹோல்ட்’ என்றால் நடைபாதையைக் காலி செய்துவிட்டு வகுப்புக்குள்ளேயே இருங்கள். ஒரு மாணவருக்கு வலிப்பு வந்து ஸ்ட்ரெச்சர் போக வேண்டியிருந்தால்கூட இதுதான். ‘செக்யூர்’ என்றால் ஆபத்து கட்டடத்துக்கு வெளியே. விளையாட்டு மைதானத்தில் இருப்பவர்கள் உள்ளே வர வேண்டும், வெளிக்கதவுகள் பூட்டப்படும், உள்ளே பாடம் வழக்கம்போல் நடக்கும். பக்கத்துத் தெருவில் போலீஸ் ஒருவனைத் தேடினாலும் செக்யூர், மைதானத்துக்குள் வெறிநாய் புகுந்தாலும் செக்யூர். ‘லாக்டவுன்’ என்றால் ஆபத்து உள்ளேயே இருக்கிறது அல்லது இருக்கலாம். வகுப்பறைக் கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாமல் ஒதுங்கு, சத்தம் கூடாது. ‘எவாக்குவேட்’ என்றால் வெளியேறுவது. ‘ஷெல்டர்’ என்றால் ஒரு குறிப்பிட்ட ஆபத்திலிருந்து உள்ளே ஒதுங்குவது. டல்லாஸ் பக்கத்தில் இது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்து டொர்னாடோ என்ற சுழற்காற்றுதான்.

உங்கள் மகளின் பள்ளிக்கு வந்தது இரண்டாவது. அவளிடம் கேட்டுப் பாருங்கள், ‘ரீசெஸ் (விளையாட்டு இடைவேளை) கான்சல் ஆயிடுச்சு’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டாள்.

இந்தச் சொற்களை வகுத்தது கொலராடோவில் உள்ள ஒரு அறக்கட்டளை. 2006 செப்டம்பர் 27 அன்று அந்த மாநிலத்தின் பெய்லி என்ற சிற்றூரில், பிளாட் கேன்யன் உயர்நிலைப் பள்ளிக்குள் ஒருவன் புகுந்து மாணவிகளைப் பிணையாகப் பிடித்தான். அதில் கொல்லப்பட்ட 16 வயதுப் பெண் உள்ளேயிருந்து வீட்டுக்கு அனுப்பிய குறுஞ்செய்தி ‘ஐ லவ் யூ கைஸ்’. பெற்றோர் அந்த வரியையே பெயராக வைத்து அறக்கட்டளை தொடங்கினார்கள். அதுவரை ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு வார்த்தை, ‘கோட் ரெட்’, ‘கோட் யெல்லோ’ என்று. மாணவருக்கு ஒன்று புரியும், வந்து நிற்கும் போலீஸுக்கு வேறொன்று புரியும். அந்தக் குளறுபடிக்கு முடிவுகட்டத்தான் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சொற்கள். செக்யூருக்கு முன்பு ‘லாக்அவுட்’ என்று பெயர். லாக்டவுனோடு குழம்புகிறது என்று பிறகு மாற்றினார்கள்.

ஆங்கிலத்தில் தீர்ந்த அந்தக் குழப்பம் தமிழில் புதிதாகப் பிறந்துவிட்டது. பள்ளிச் செயலிகளில் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுக்கும். ஒரு பாட்டி என்னிடம் கைப்பேசியை நீட்டி, ‘ஏம்மா, மறுபடியும் கொரோனாவா?’ என்று கேட்டார். பார்த்தால், ‘பள்ளி ஊரடங்கில் உள்ளது’ என்று வந்திருக்கிறது. லாக்டவுன் என்ற சொல் இயந்திரத்துக்கு 2020-லேயே நின்றுவிட்டது. ஹோல்ட் என்பது ‘பிடி’ என்று வந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஐந்து சொற்களை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே மாமியாருக்குச் சொல்லிக் கொடுங்கள். பால் பாக்கெட் மாதிரி, பஸ் ஸ்டாப் மாதிரி, செக்யூர், லாக்டவுன். குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டினாலும் நல்லதே.

சரி, அந்த முதல் செய்தி ஏன் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு மொட்டையாக இருந்தது? எழுதும் பக்கத்திலிருந்து பார்த்தால் நடப்பது இது. போலீஸ் கட்டுப்பாட்டு அறை பள்ளிக்கு போன் செய்கிறது. பிரின்சிபால் ஒலிபெருக்கியில் செக்யூர் என்று இரண்டு முறை அறிவிக்கிறார். மைதானத்தில் இருக்கும் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் உள்ளே வர வேண்டும், தலை எண்ண வேண்டும். அது முடிந்த பிறகுதான் யாரோ ஒருவர் எங்களுக்குப் போன் செய்வார். எங்களிடம் முன்கூட்டியே எழுதி வைத்த வார்ப்பு ஒன்று இருக்கும், பள்ளியின் பெயர், நேரம், காரணம் என்ற மூன்று இடம் மட்டும் காலியாக. காரணத்தை நிரப்பும் முன் போலீஸைக் கேட்க வேண்டும், ஏனென்றால் தேடப்படுகிறவனுக்கும் கைப்பேசி உண்டு. அப்புறம் ஸ்பானிஷ் பதிப்பு. பிறகுதான் அனுப்புகிற பொத்தான். என் அனுபவத்தில், அறிவிப்பிலிருந்து 15 நிமிடத்துக்குள் செய்தி போனால் அன்று நாங்கள் நன்றாக வேலை செய்தோம் என்று அர்த்தம். 40 நிமிடம் ஆன நாட்களும் உண்டு. உங்கள் மகள் விஷயத்தில் 10.50 என்பது செய்தி வந்த நேரம். கதவு பூட்டிய நேரம் அதற்குக் கொஞ்சம் முன்னால்.

நல்ல முதல் செய்தியில் மூன்றே விஷயம் இருக்கும். என்ன நிலை, பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள், நீங்கள் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது பெரும்பாலும் ‘பள்ளிக்கு வர வேண்டாம்’ என்பதுதான். அதைப் படித்ததும் கோபம் வரும், எனக்குத் தெரியும், நானும் ஒரு பிள்ளைக்கு அம்மா. ஆனால் 600 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 300 கார் ஒரே சமயத்தில் வந்தால் ஆம்புலன்ஸ் நுழைய வழியிருக்காது. வெளிக்கதவு பூட்டியிருக்கும்போது வந்து நின்றாலும் யாரும் திறக்கப் போவதில்லை.

இனி, மறைக்கிறார்களா என்பது. இதில் மூன்று வகை இருக்கிறது, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

சட்டப்படியே சொல்ல முடியாதது முதல் வகை. 1974-இல் வந்த ஃபெர்ப்பா என்ற ஒன்றிய அரசுச் சட்டம் மாணவரின் கல்விப் பதிவுகளைப் பாதுகாக்கிறது. ஒரு பையன் பையில் கத்தி கொண்டுவந்தான் என்றால், அவன் யார், அவனுக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள், மறுபடி பள்ளிக்கு வருவானா என்பதை மற்றப் பெற்றோருக்குச் சொல்ல முடியாது. ‘மாவட்ட நடத்தை விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற உயிரில்லாத வரிக்குக் காரணம் இதுதான். அதே சட்டம்தான் உங்கள் மகளைப் பற்றிய பதிவுகளை 45 நாளுக்குள் உங்களுக்குக் காட்டியாக வேண்டும் என்கிறது, அவற்றை உங்கள் அனுமதியில்லாமல் ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது.

இரண்டாவது, இன்னும் உறுதியாகாததால் சொல்லாதது. இங்கே சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘நம்பத்தகுந்த மிரட்டல் எதுவும் இல்லை’ என்று எழுதினால் மிரட்டலே வரவில்லை என்று பொருளல்ல. வந்தது, போலீஸ் விசாரித்தது, செயல்படுத்தும் அளவுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு செய்தது என்று பொருள். டெக்சாஸில் வெடிகுண்டு மிரட்டலோ பயங்கரவாத மிரட்டலோ வந்தால், அது பொருந்தும் பள்ளியின் பெற்றோருக்குக் கூடிய சீக்கிரம் தெரிவிக்க வேண்டும் என்று கல்விச் சட்டமே சொல்கிறது. ஆகையால் வெறும் வதந்தியாகப் போய் முடிந்ததற்கும் உங்களுக்குக் கடிதம் வரும். அப்படி வருவது நிலைமை மோசமாகிவிட்டதற்கு அடையாளம் அல்ல.

மூன்றாவது வகையைப் பூசி மெழுக விரும்பவில்லை. நிறுவனம் தன் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லாதது. வெள்ளிக்கிழமை மாலை 4.45-க்கு வரும் கடிதங்கள் இந்த ரகம். ‘ஒரு சம்பவம்’ என்ற சொல்லும் அதே ரகம், எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை, பேருந்து ஓட்டுநர் ஒரு கிண்டர்கார்ட்டன் குழந்தையைத் தவறான நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனதை ‘போக்குவரத்து தொடர்பான சம்பவம்’ என்று எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன். அந்தக் குழந்தையின் அப்பா மறுநாள் கடிதத்தைக் கையில் பிடித்தபடி வந்து, ‘இது எந்த ஊர் இங்கிலீஷ்?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் ‘அனைவரும் பத்திரம்’ என்ற வரியை எவ்வளவு நம்பலாம்? இங்கே டெக்சாஸின் யுவால்டி என்ற ஊரைச் சொல்லாமல் போக முடியாது. 2022 மே 24 அன்று ராப் ஆரம்பப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். கொலையாளி கட்டடத்துக்குள் நுழைந்தது 11.33-க்கு. அதற்குப் பத்து நிமிடம் கழித்துப் பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் வந்த அறிவிப்பு, அந்தப் பகுதியில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதால் பள்ளி லாக்டவுனில் இருக்கிறது, மாணவர்களும் ஊழியர்களும் கட்டடத்துக்குள் பத்திரமாக இருக்கிறார்கள் என்றது. எழுதியவர் பொய் சொல்ல நினைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. வார்ப்பில் அந்த வரி இருந்திருக்கும், விரல் அதைத் தொட்டிருக்கும். எங்கள் பிரிவில் அதற்குப் பிறகு வார்ப்புகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ‘பத்திரம்’ என்ற சொல்லைத் தேடித் தேடி அடித்தோம். அதற்குப் பதிலாக, ‘வெளிக்கதவுகள் பூட்டப்பட்டுள்ளன, வகுப்புகள் நடக்கின்றன, போலீஸ் வளாகத்தில் இருக்கிறது’. நேரில் கண்டதை மட்டும். நீங்களும் உங்கள் மாவட்டத்துச் செய்திகளை இந்தக் கண்ணோடு படியுங்கள். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடிய தகவல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நம்பலாம். உங்களுக்கு வந்த சாயங்கால மின்னஞ்சலில் ‘பத்திரம்’ என்று இருந்தது, ஏன் செக்யூர் போட்டார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பது இல்லை. அது பொய் இல்லை, ஆனால் சோம்பேறித்தனமான கடிதம். பிரின்சிபாலுக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் ‘பக்கத்துக் கடையில் திருட்டு, போலீஸ் துரத்தியது, 40 நிமிடத்தில் முடிந்தது’ என்ற மாதிரி நேராகவே பதில் வரும். வராவிட்டால் டெக்சாஸில் பொதுத் தகவல் சட்டம் இருக்கிறது, எழுத்தில் கேட்கலாம். தர மறுக்க நினைத்தால் அவர்கள் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும்.

யுவால்டியிலிருந்து இன்னொன்றும் உண்டு, அது உங்களையும் என்னையும் பற்றியது. மெக்சிகோ எல்லைக்கு அருகிலுள்ள ஊர் என்பதால், ஆட்களைக் கடத்திவரும் வண்டிகளைப் போலீஸ் துரத்துவதும், உள்ளே இருப்பவர்கள் குதித்து ஓடுவதும் அங்கே வாடிக்கை. 2022 பிப்ரவரியிலிருந்து அந்த மாவட்டத்தில் வந்த எச்சரிக்கைகளில் சுமார் 90 சதவீதம் இதற்காகத்தான் என்று டெக்சாஸ் சட்டமன்றக் குழுவின் அறிக்கை சொன்னது. அடிக்கடி மணி அடித்து அடித்து, அன்றைக்கு அடித்ததையும் வழக்கமான மணி என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். செய்தி குறைவாக வருகிறது என்று நாம் குறைபடுவதற்கு மறுபக்கம் இது. எதெல்லாம் சொல்லத் தேவையில்லை என்று ஒருவர் தினமும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதில் தப்பும் நடக்கும். எந்த அளவு சரியான அளவு என்று 11 வருடத்தில் எனக்கே பிடிபடவில்லை.

மற்றக் கடிதங்களைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மாலை பிரின்சிபாலின் வாரமடல், புகைப்பட நாள், நாளுக்கு ஒரு கோமாளி வேடமாக ‘ஸ்பிரிட் வீக்’, ஸ்டார் என்ற மாநிலத் தேர்வின் தேதி, மதிய உணவுப் பட்டியல், பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் (பிடிஏ) கேக், பிஸ்கட் விற்பனை. பெரும்பாலான செயலிகளில் இதையெல்லாம் நாளுக்கு ஒரு தொகுப்பாக வரும்படி மாற்றிக்கொள்ளலாம். அவசர எச்சரிக்கை அப்போதும் தனியாக உடனே வரும். ஆண்டுக்கு ஒரு முறை ‘ஆஸ்பெஸ்டாஸ் அறிவிப்பு’ என்று ஒன்று வரும். அதைப் பார்த்துப் பதறிப்போய் டிசி வாங்க வந்த நம் ஊர்க்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். 1986-ஆம் வருடச் சட்டப்படி, ஆஸ்பெஸ்டாஸ் பராமரிப்புத் திட்ட ஆவணம் அலுவலகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வருடாவருடம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சம்மதப் படிவங்கள் இந்த வருடம் ஏன் இத்தனை என்று கேட்டிருந்தீர்கள். டெக்சாஸில் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஒரு மாநிலச் சட்டம், மாணவர் குழுவில் சேர, பள்ளி நர்ஸிடம் சிகிச்சை பெற என்று பலவற்றுக்கும் பெற்றோர் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் சில இடங்களில் நர்ஸ்கள் பேண்ட்எய்ட் ஒட்டக்கூடத் தயங்கினார்கள். படிவத்தைத் திறக்காமல் விட்டால் ‘சம்மதமில்லை’ என்றே கணக்கு, அதனால் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பக்கத்துக்கு வருகிறேன். என் வேலையில் நான் பார்த்த மிகப் பெரிய ஓட்டை மாவட்டத்தின் ரகசியம் அல்ல, தவறான தொலைபேசி எண். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் விஷயத்தில் இது ஏறக்குறைய ஒரே கதை. வந்த முதல் வாரம் சிம் கார்டு வாங்கியிருக்க மாட்டார்கள், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஆபீஸ் நண்பரின் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். இரண்டு வருடம் கழித்தும் அந்த நண்பருக்குத்தான் செய்தி போகும், அவர் இதற்குள் சியாட்டிலுக்கு மாறிப் போயிருப்பார். இந்திய எண்ணைக் கொடுத்தவர்களும் உண்டு, பத்து இலக்கப் பெட்டியில் அது நுழையும், அழைப்பு மட்டும் எங்கும் போய்ச் சேராது. செய்தி அனுப்பும் மென்பொருள் தனியாக எண் வைத்திருப்பதில்லை. சேர்க்கைப் பதிவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் இரவோடு இரவாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆசிரியையிடம் புது எண்ணைச் சொன்னால் போதாது, பெற்றோர் தளத்தில் போய் மாற்ற வேண்டும். இன்னொன்று: விளம்பரக் குறுஞ்செய்தி என்று நினைத்து என்றைக்காவது ‘ஸ்டாப்’ என்று பதில் அனுப்பியிருந்தால் அந்த எண்ணிலிருந்து குறுஞ்செய்தி நின்றுவிடும், மறுபடி நீங்களாகச் சேர்ந்தால்தான் வரும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் சரியாக வராத பெற்றோருக்குப் புரியும் மொழியில் முக்கியத் தகவலைப் பள்ளி தர வேண்டும் என்பது 1964-ஆம் வருடக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவிலிருந்து வருகிறது. ஒன்றிய அரசின் வழிகாட்டுதல்கள் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன, சட்டம் அப்படியே இருக்கிறது. நடைமுறையில் தமிழில் எழுத்துக் கடிதம் கிடைப்பது அரிது. ஆனால் ஆசிரியர் சந்திப்புக்கு, ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டத்துக்கு, தொலைபேசி வழித் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் காசில்லாமல் கேட்கலாம், ஒரு வாரம் முன்னால் சொன்னால் நல்லது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சேர்க்கையின்போது வீட்டுமொழிப் படிவத்தில் ‘தமிழ்’ என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைத்துவிடுவார்கள் என்று பயந்து ‘இங்கிலீஷ்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. தேர்வு வைப்பது உண்மைதான், அதனால் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் இல்லை. பெற்றோரிடம் எந்த மொழியில் தொடர்புகொள்ள வேண்டும் என்பது பெரும்பாலும் தனிக் கட்டம், அதைத் தனியாக நிரப்புங்கள்.

உங்கள் மாமியார் விஷயம். அவர் அன்று ‘நானே போய்க் குழந்தையைக் கூட்டிக்கிட்டு வர்றேன்’ என்று கிளம்பினார் என்று எழுதியிருந்தீர்கள். போயிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்கள். செக்யூர் நீடிக்கும் வரை கதவு திறக்காது. அது முடிந்தாலும், குழந்தையை அழைத்துப்போக அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். முன் அலுவலகத்தில் அந்த அட்டையை ஒரு கருவியில் வைத்து, பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் முன் மேசையில் இருந்த வருடம் ஒரு ஆச்சி, கண்டாங்கிச் சேலையும் ஸ்வெட்டருமாக, பேரனுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட வந்தார். கையில் ஒன்றுமில்லை. பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ‘அப்பத்தா’ என்று கத்துகிறான், எனக்கு அவன் அழைப்பதே போதும், ஆனால் விதிக்குப் போதாது. அவன் அப்பாவைப் போனில் பிடிக்க 50 நிமிடம் ஆயிற்று. அதுவரை ஆச்சி நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்த வாரமே அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வெளியே போகும்போது பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தனுப்புங்கள், கருவி படிக்காவிட்டால் கையால் பதிந்துகொள்வார்கள். உண்மையான பெரிய ஆபத்து வந்து பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால், அங்கேயும் இதே கதைதான். வரிசை, அட்டை, கையெழுத்து, பிறகு ஒருவர் உள்ளே போய் உங்கள் குழந்தையை மட்டும் அழைத்துவருவார். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆகலாம். அந்த வரிசையில் பெயர் இல்லாதவர் நிற்பது எவ்வளவு கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, மகளுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் டெக்சாஸில் 2025-26 கல்வியாண்டிலிருந்து பள்ளி நேரத்தில் கைப்பேசி, ஸ்மார்ட்வாட்ச், டேப்லெட் எதையும் மாணவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பிடித்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். லாக்டவுன் நேரத்தில் அது ஒலிப்பதும் வெளிச்சம் காட்டுவதும் நல்லதில்லை. பள்ளி விட்டு வீட்டுக்கு நடந்து வரும் அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயன்படும் என்றால் வாங்குங்கள். காலையில் பைக்குள் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியில் மாவட்டம் அழைக்கும் எண்ணை ஒரு பெயர் போட்டுச் சேமித்து, மீட்டிங்கிலும் ஒலிக்கும்படி அதற்கு மட்டும் தனி மணி வையுங்கள். செவ்வாய்க்கிழமை அது இருந்திருந்தால் 10.50-க்கே பார்த்திருப்பீர்கள்.